கிளாஸ்கோ படகுத்துறையில் பிரிந்த அப்பாவும் மகனும்: டேவிட் லிவிங்ஸ்டனின் வீட்டில் என்ன நடந்தது?

டேவிட் லிவிங்ஸ்டன்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? விக்டோரியா அருவி. ஆப்பிரிக்காவின் குறுக்கே நடந்தே போன ஐரோப்பியர். காணாமல் போனவரைத் தேடிப் போய்க் கண்டுபிடித்த பத்திரிகையாளர் ஸ்டான்லி. பொது அறிவுப் புத்தகங்களில் பெரும்பாலும் இந்த மூணு விஷயம்தான் இருக்கும்.

ஆனா அவர் வீட்டை விட்டுக் கிளம்பியது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. கிறிஸ்தவ சமயப் பணிக்காக, ஒரு மருத்துவ மிஷனரியாகத்தான் கிளம்பினார். அன்றைக்கு வழியனுப்ப வந்த அப்பாவை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. பிற்பாடு அவரே அப்பா ஆனார். அப்போது தன் பிள்ளைகளை அவர் ஒரு தடவை அல்ல, பல தடவை வழியனுப்ப வேண்டியிருந்தது.

அவருடைய பயணங்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவர் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை இங்கே பார்ப்போம்.

யார் இந்த லிவிங்ஸ்டன்?

1813 மார்ச் 19 அன்று ஸ்காட்லாந்தின் பிளாண்டயர் என்ற ஊரில் பிறந்தார். கிளைடு ஆற்றங்கரையில் இருந்த ஒரு பருத்தி நூற்பாலையின் தொழிலாளர் குடியிருப்பு அது. ஒரே கட்டடத்தில் 24 குடும்பங்கள். லிவிங்ஸ்டன் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு அறை. நீளம் 14 அடி, அகலம் 10 அடி. சமையல், சாப்பாடு, தூக்கம், ஜெபம் எல்லாம் அதற்குள்ளேதான்.

ஏழு பிள்ளைகளில் இவர் இரண்டாவது. 10 வயதில் ஆலை வேலைக்குப் போனார். அறுந்துபோகும் நூலை ஓடி ஓடி முடிச்சுப் போடும் வேலை. காலை 6 மணிக்குப் போனால் ராத்திரி 8 மணி வரை. முதல் சம்பளத்தில் ஒரு பகுதியைப் போட்டு லத்தீன் இலக்கணப் புத்தகம் வாங்கினார் என்பது ஸ்காட்லாந்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. வேலை முடிந்ததும் ராத்திரிப் பள்ளிக்கூடம். பகலில் நூற்பு இயந்திரத்தின் மேலே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, போகும்போது ஒரு வரி, வரும்போது ஒரு வரி என்று படித்தார். 19 வயதில் நூற்பாளராகப் பதவி உயர்வு கிடைத்தது. அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடித்துத்தான் கல்லூரிக்கே போனார்.

அப்பா எப்படிப்பட்டவர்?

அப்பா நீல் லிவிங்ஸ்டன், ஊர் ஊராகப் போய் தேயிலை விற்றவர். கூடவே சமயத் துண்டுப் பிரசுரங்களையும் கொடுத்துவிட்டு வருவார். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பார். மது தொடமாட்டார். வீட்டில் ரொம்பக் கண்டிப்பு.

எவ்வளவு கண்டிப்புன்னா, இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இருட்டிவிட்டால் கதவைத் தாழ் போட்டுவிடுவார். ஒரு நாள் சின்னப் பையன் டேவிட் லேட்டாக வந்திருக்கிறான். கதவு பூட்டியிருந்தது. அழவும் இல்லை, தட்டவும் இல்லை. எங்கேயோ ஒரு துண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு, ராத்திரி முழுக்க அங்கேயே கிடக்கலாம் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அம்மா ஆக்னஸ்தான் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டார்.

இரண்டு பேருக்கும் புத்தக விஷயத்திலும் முட்டிக்கொண்டது. அறிவியல் புத்தகம் படித்தால் மகன் கடவுளை விட்டுவிடுவானோ என்று அப்பாவுக்குப் பயம். மகனுக்கோ அறிவியலும் பயண நூல்களும்தான் பிடித்தன. அப்பா கொடுத்த ஒரு பக்தி நூலைப் படிக்கமாட்டேன் என்று சொல்லி அடியும் வாங்கியிருக்கிறார். தாமஸ் டிக் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளரின் நூலைப் படித்த பிறகுதான், அறிவியலும் சமய நம்பிக்கையும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்ற தெளிவு மகனுக்கு வந்தது. அப்பாவோடு இருந்த பிணக்கும் தணிந்தது.

1836-ல் கிளாஸ்கோவில் மருத்துவம் படிக்கப் போனபோது, பனி கொட்டும் ஒரு நாளில் அப்பாவும் மகனும் சேர்ந்தே நடந்து போய்த் தங்க இடம் தேடினார்கள். வாரத்துக்கு 2 ஷில்லிங் வாடகையில் ஓர் அறை கிடைத்தது. அந்த வீட்டுக்காரம்மா மாணவனின் டீத்தூளையும் சர்க்கரையையும் எடுத்துப் புழங்கியதால், சீக்கிரமே வேறு அறைக்கு மாற வேண்டியதாயிற்று. தேயிலை வியாபாரியின் மகனுக்கே இந்த நிலைமை!

சீனா போக வேண்டியவர் ஆப்பிரிக்கா போனது ஏன்?

லிவிங்ஸ்டன் முதலில் போக நினைத்த இடம் சீனா. அங்கே பணியாற்றிய கார்ல் குட்ஸ்லாஃப் என்ற ஜெர்மானிய மிஷனரி, மருத்துவம் தெரிந்த மிஷனரிகள் வேண்டும் என்று விடுத்த கோரிக்கையை அப்பா வழியாகவே அவர் அறிந்துகொண்டார். மருத்துவமும் படிக்கலாம், ஊழியமும் செய்யலாம். அப்பாவும் மகனும் ஒத்துப்போகிற ஒரு வழி கிடைத்தது.

1838-ல் லண்டன் மிஷனரி சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனா 1839-ல் பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் அபினிப் போர் மூண்டது. சீனாவுக்கு ஆள் அனுப்புவதைச் சங்கம் நிறுத்தியது. அந்த நேரத்தில்தான் தென்னாப்பிரிக்காவின் குருமானில் பல வருஷமாகப் பணி செய்துவந்த ராபர்ட் மோஃபட் விடுமுறையில் பிரிட்டன் வந்திருந்தார். மிஷனரிகள் யாரும் எட்டிப் பார்க்காத எத்தனையோ கிராமங்கள் குருமானுக்கு வடக்கே இருக்கின்றன என்று அவர் சொன்னதைக் கேட்டு, லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்கா என்று முடிவு செய்தார். இதே மோஃபட்தான் பின்னால் அவருக்கு மாமனார் ஆகப்போகிறார். அது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

1840 நவம்பர் 16: வீட்டில் ஒரே ஒரு ராத்திரி

1840 நவம்பரில் மருத்துவப் பட்டம் கையில் கிடைத்தது. கப்பலுக்கு முன்னால் லண்டனில் குருப்பட்டம் பெறவேண்டியிருந்ததால், வீட்டில் தங்க ஒரே ஒரு ராத்திரிதான் கிடைத்தது. தேதி நவம்பர் 16. மகனுக்கு வயது 27.

அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று டேவிட் சொல்லிப் பார்த்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பயணம் போகிற பிள்ளை தூங்க வேண்டாமா? அப்படியும் அப்பாவும் மகனும் நடு ராத்திரி வரை பேசினார்கள். என்ன பேசினார்கள் தெரியுமா? பணக்காரர்கள் வேட்டை நாய்க்கும் குதிரைக்கும் காசை இறைப்பதை விட்டுவிட்டு, மிஷனரிகளைத் தாங்குவதையே பெருமையாக நினைக்கிற காலம் ஒரு நாள் வரும் என்று பேசினார்களாம். பிரிவைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லையா, இல்லை அந்தப் பேச்சுத்தான் அவர்களுக்குத் தெரிந்த விதத்தில் பிரிவைப் பற்றிய பேச்சா, நாமேதான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை 5 மணிக்கு எல்லாரும் எழுந்தார்கள். நவம்பரில் ஸ்காட்லாந்தில் அந்த நேரம் கும்மிருட்டு. அம்மா காபி போட்டுக் கொடுத்தார். டேவிட் வேதாகமத்திலிருந்து 121-ஆம், 135-ஆம் சங்கீதங்களை வாசித்து ஜெபம் செய்தார். 121-ஆம் சங்கீதம் பயணம் போகிறவர்களுக்காகக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றைக்கும் வாசிக்கப்படுவது. பிறகு அப்பாவும் மகனும் கிளாஸ்கோ நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய 13 கிலோமீட்டர்.

கிளாஸ்கோவின் புரூமிலா படகுத்துறையில் லிவர்பூல் போகும் நீராவிப் படகு நின்றிருந்தது. அங்கே இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன் படகில் ஏறினார். அப்பா வந்த வழியே தனியாகத் திரும்பி நடந்தார். அவ்வளவுதான்.

இந்தக் காட்சி நமக்கு எப்படித் தெரிந்தது? டேவிட்டின் தங்கை ஜேனட் எழுதி வைத்த நினைவுக் குறிப்பு வழியாக. லிவிங்ஸ்டனின் வாழ்க்கை வரலாற்றை 1880-ல் வெளியிட்ட வில்லியம் பிளைக்கி அதைத் தன் நூலில் சேர்த்தார். போகும்போது இரண்டு பேராகப் போய், திரும்பும்போது ஒருவராக வந்த அந்த 13 கிலோமீட்டர் அப்பாவுக்கு எப்படி இருந்தது என்பது அந்தக் குறிப்பில் இல்லை.

அந்தக் காலத்தில் வழியனுப்புவது என்றால்?

இன்றைக்கு மகன் வெளிநாடு போனால், விமானம் இறங்கியதும் வாட்ஸ்அப் வரும். 1840-ல் நிலைமையே வேறு. டிசம்பர் 8 அன்று 'ஜார்ஜ்' என்ற பாய்மரக் கப்பலில் கிளம்பிய லிவிங்ஸ்டன், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவைத் தொட்டுக்கொண்டு, அடுத்த வருஷம் மார்ச்சில்தான் கேப் டவுன் போய்ச் சேர்ந்தார். பிறகு குருமானுக்கு மாட்டு வண்டிப் பயணம். சேர்ந்த தேதி 1841 ஜூலை 31. வீட்டை விட்டு எட்டு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

ஒரு கடிதம் போக மாதங்கள், பதில் வர மாதங்கள். காய்ச்சலில் செத்துப்போன மிஷனரிகள் ஏராளம். அதனால், மகனை ஊழியத்துக்கு அனுப்புகிற அப்பா அம்மாவுக்கு அந்த நாளே கடைசி நாளாக இருக்கலாம் என்பது நன்றாகவே தெரியும். சிலர் மறுத்ததும் உண்டு. ராபர்ட் மோஃபட்டைக் கல்யாணம் செய்துகொண்டு ஆப்பிரிக்கா போக மேரி ஸ்மித் கேட்டபோது, இங்கிலாந்தில் இருந்த அவருடைய பெற்றோர் இரண்டு வருஷத்துக்கும் மேல் சம்மதிக்கவே இல்லை. அதன் பிறகுதான் மனசு இளகினார்கள். அந்த மேரியின் மகளைத்தான் லிவிங்ஸ்டன் கட்டிக்கொண்டார்.

மகன் அப்பா ஆனபோது

1844-ல் மபோட்சா என்ற இடத்தில் ஒரு சிங்கம் லிவிங்ஸ்டனைத் தாக்கி இடது மேல்கை எலும்பை நொறுக்கியது. உடம்பு தேறுவதற்காகக் குருமானுக்குப் போனார். அங்கே மோஃபட்டின் மூத்த மகள் மேரியைச் சந்தித்து, 1845-ல் கல்யாணம் செய்துகொண்டார். ராபர்ட், ஆக்னஸ், தாமஸ் என்று பிள்ளைகள் பிறந்தார்கள். மகளுக்கு வைத்தது தன் அம்மாவின் பெயர்.

கொலொபெங் என்ற ஊரில் வீடு கட்டிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பக்வேனா மக்களின் தலைவர் செச்செலே 1848-ல் ஞானஸ்நானம் பெற்றார். லிவிங்ஸ்டன் மனம் மாற்றிய ஒரே ஆள் என்று பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது இவரைத்தான். ஆமாம், உலகமே கொண்டாடிய மிஷனரியின் கணக்கில் ஒரே ஒருவர்.

லிவிங்ஸ்டனுக்கு ஒரே இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வடக்கே, இன்னும் வடக்கே என்று மனசு இழுத்தது. குடும்பத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கலகாரி பாலைவனத்தைக் கடந்தார். 1850-ல் அப்படிப் போய்த் திரும்பியதும் பிறந்த எலிசபெத் என்ற பெண் குழந்தை ஆறு வாரத்தில் இறந்தது. 1851-ல் மறுபடியும் கிளம்பினார். மேரி அப்போது மீண்டும் கர்ப்பமாக இருந்தார். வழியில் தண்ணீர் தீர்ந்து பிள்ளைகள் நாக்கு வறண்டு தவித்தார்கள். மாமியார் மேரி மோஃபட் கொதித்துப்போய் மருமகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கர்ப்பிணியையும் குழந்தைகளையும் இப்படி இழுத்துக்கொண்டு போவது அடுக்குமா என்பதுதான் அதன் சாரம். தானும் மிஷனரியின் மனைவி என்பதால் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

கேப் டவுன் துறைமுகம், 1852

இனி குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்று லிவிங்ஸ்டனுக்கே புரிந்தது. ஆனா பயணத்தை விடவும் மனசில்லை. 1852 ஏப்ரல் 23 அன்று கேப் டவுனில் மேரியையும் நான்கு பிள்ளைகளையும் பிரிட்டன் போகும் கப்பலில் ஏற்றிவிட்டார். மூத்தவன் ராபர்ட்டுக்கு ஆறு வயது. கடைக்குட்டி ஆஸ்வெல்லுக்கு ஒரு வயசுகூட ஆகவில்லை. இந்தத் தடவை கரையில் நின்றவர் டேவிட்.

பிரிவு இரண்டு வருஷம்தான் என்பது திட்டம். நடந்தது நாலரை வருஷம். மேரிக்குப் பிரிட்டன் பழக்கமே இல்லாத நாடு. முதலில் மாமனார் நீல் வீட்டுக்குப் போனார். ஒத்துப்போகவில்லை. சில மாதங்களிலேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அதன் பிறகு ஊர் ஊராக வாடகை இடங்கள், தெரிந்தவர்கள் வீடுகள், மிஷனரி சங்கத்திடம் பணம் கேட்டுக் கடிதங்கள். பேரப்பிள்ளைகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று தாத்தா நீல் சங்கத்துக்கு எழுதிக் கேட்க வேண்டிய நிலைமை.

அதே சமயம் ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டன் வரலாறு படைத்துக்கொண்டிருந்தார். மேற்குக் கரையில் லுவாண்டா. அங்கிருந்து திரும்பி, கண்டத்தின் குறுக்கே கிழக்குக் கரை நோக்கி நடை. கூட வந்த மக்கொலொலோ ஆட்கள் இல்லையென்றால் இந்தப் பயணம் நடந்தே இருக்காது. 1855 நவம்பரில் அந்த மாபெரும் அருவியைப் பார்த்தார். அந்த ஊர்க்காரர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த அருவிக்குத் தன் நாட்டு அரசியின் பெயரை வைத்தார். அப்பாவைப் பிரிந்து அந்த நவம்பரோடு சரியாக 15 வருஷம்.

அப்பா காத்திருந்தாரா?

காத்திருந்தார். மகன் கண்டத்தைக் கடந்து வருகிறான் என்ற செய்திகள் வந்துகொண்டிருந்தன. சாவதற்கு முன் டேவிட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நீலுக்கு இருந்தது. 1856 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். மகன் கிழக்குக் கரையின் குவெலிமேன் துறைமுகத்தை அடைந்தது மே மாதம். பிரிட்டன் வந்தது டிசம்பரில். பத்தே மாத இடைவெளி.

நாடு திரும்பும் வழியில், எகிப்தின் கெய்ரோவில்தான் அப்பா இறந்த செய்தி அவருக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்த முதல் நாள் சாயங்காலம், அப்பாவின் நோய், கடைசி நாட்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உடைந்து அழுதுவிட்டார் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். வெளியே ஊர் முழுக்க மாலை மரியாதை. அரசி விக்டோரியாவைச் சந்தித்தார். 1857-ல் வெளியான அவருடைய பயண நூல் அமோகமாக விற்றது. அதைப் படிக்க வேண்டிய அப்பா இல்லை.

மேரிக்கும் மூத்த மகனுக்கும் என்ன ஆனது?

மிஷனரி சங்கத்திலிருந்து விலகிய லிவிங்ஸ்டன், 1858-ல் பிரிட்டிஷ் அரசின் சாம்பேசி ஆற்றுப் பயணக் குழுவுக்குத் தலைவராகக் கிளம்பினார். மேரியும் கிளம்பினார். வழியில் அவர் கர்ப்பமாக இருப்பது தெரியவந்ததால் தாய்வீடான குருமானுக்குப் போனார். அங்கே பிறந்த கடைசி மகள் ஆனா மேரியை, லிவிங்ஸ்டன் முதன்முதலாகப் பார்த்தபோது அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது முடிந்திருந்தது.

1862-ல் மேரி ஒருவழியாகக் கணவரிடம் வந்து சேர்ந்தார். சில மாதம்தான். ஏப்ரல் 27 அன்று ஷுப்பாங்கா என்ற இடத்தில் மலேரியாவில் இறந்துபோனார். சாம்பேசி ஆற்றங்கரையில் ஒரு பெருக்க மரத்தடியில் புதைத்தார்கள். கேப் டவுன் துறைமுகத்தில் பிரிந்து அப்போது பத்து வருஷமும் நான்கு நாளும் ஆகியிருந்தது.

மூத்த மகன் ராபர்ட்டின் கதை இன்னும் வேதனை. அப்பா அருகில் இல்லாமலே வளர்ந்தவன். படிப்பில் மனம் நிலைக்கவில்லை. அப்பாவைத் தேடி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வரை போனான். அங்கிருந்து சாம்பேசிக்குப் போய்ச் சேர முடியவில்லை. எப்படியோ கப்பலேறி அமெரிக்கா போய், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்தான். ரூபர்ட் வின்சென்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டான். குடும்பப் பெயருக்குத் தன்னால் இழுக்கு வந்துவிடக் கூடாது என்பதே காரணம் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினான். வர்ஜீனியாவில் எதிரிகளிடம் பிடிபட்டு, 1864 டிசம்பரில் வட கரோலினாவின் சாலிஸ்பரி போர்க்கைதி முகாமில் இறந்தான். வயது 18. அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஊரெல்லாம் பேசிய அப்பாவின் மகன், அடிமை முறையை ஒழித்த போரில், அப்பாவின் பெயர் இல்லாமலே செத்துப்போனான்.

பம்பாய், பாரிஸ், பிறகு காடு

1864-ல் சாம்பேசி பயணம் தோல்வியில் முடிந்தது. லிவிங்ஸ்டன் செய்த அடுத்த காரியம் நம்ப முடியாதது. 'லேடி நியாசா' என்ற சின்ன நீராவிப் படகை விற்பதற்காக, சான்சிபாரிலிருந்து பம்பாய்க்குத் தானே ஓட்டி வந்தார். கடலில் 45 நாள். பம்பாயில் படகை விற்ற பணம், போட்டு வைத்த வங்கி முறிந்ததில் போயிற்று.

பிரிட்டன் போனவருக்கு அம்மாவைப் பார்க்கும் வாய்ப்பாவது கிடைத்தது. தன் பிள்ளைகளில் ஒருவன் தன்னை அடக்கம் செய்ய இருக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. 1865 ஜூனில் அவர் இறந்தபோது டேவிட் நாட்டில் இருந்தார். ஓடி வந்து அடக்கத்தில் நின்றார். அப்பாவுக்குச் செய்ய முடியாததை அம்மாவுக்குச் செய்ய முடிந்தது.

அந்த ஆகஸ்டில் மீண்டும் பயணம். மகள் ஆக்னஸைப் பாரிஸ் வரை கூட்டிக்கொண்டு போய், அங்கே படிக்க விட்டுவிட்டுக் கிளம்பினார். அவளுக்கு 18 வயது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தது அதுவே கடைசி.

பம்பாய் வழியாகத்தான் அவர் ஆப்பிரிக்கா போனார். அவரோடு போனவர்களில், அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் மிஷன் பள்ளியில் வளர்ந்த ஆப்பிரிக்க இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களும் பெற்றோரைப் பிரிந்தவர்கள்தான். ஒரு வித்தியாசம், அவர்களுக்கு வழியனுப்ப யாருக்கும் நேரம் கொடுக்கப்படவில்லை.

கடைசி ஏழு வருஷம்

நைல் நதியின் ஊற்றைத் தேடி அலைந்தார். நோய், பசி, மருந்துப் பெட்டி திருட்டு. 1871 ஜூலையில் நியாங்வே சந்தையில் அடிமை வியாபாரிகள் மக்களைச் சுட்டுக் கொன்றதைக் கண்ணால் பார்த்தார். அவர் எழுதி அனுப்பிய அறிக்கை பிரிட்டனை உலுக்கியது. சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873-ல் மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

1871 கடைசியில் உஜிஜியில் ஸ்டான்லி வந்து சேர்ந்தார். அங்கே அவர் கேட்டதாகச் சொல்லப்படும் அந்த ஒற்றை வரிக் கேள்வியை உலகம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஸ்டான்லி கூடவே திரும்பியிருக்கலாம். லிவிங்ஸ்டன் மறுத்துவிட்டார். மறுத்ததற்குப் பின்னால் ஒரு கடிதமும் இருந்தது. அப்பா வீட்டுக்கு வர வேண்டும் என்று எவ்வளவோ ஆசைதான், ஆனால் தனக்காக மட்டும் வருவதைவிட, எடுத்த வேலையை மனநிறைவோடு முடித்துவிட்டு வந்தால் போதும் என்று ஆக்னஸ் எழுதியிருந்தாள். அதைப் படித்து அவர் பூரித்துப்போனார். 30 வருஷத்துக்கு முன்னால் நீல் தன் மகனுக்குக் கொடுத்த அதே சம்மதத்தை, இப்போது மகள் அப்பாவுக்குக் கொடுத்திருந்தாள்.

கடைசி மகன் ஆஸ்வெல், அப்பாவைத் தேடும் குழுவோடு 1872-ல் சான்சிபார் வரை வந்தார். ஸ்டான்லி ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார் என்ற செய்தி அங்கே கிடைத்தது. அப்பாவைப் பார்க்காமலே ஊர் திரும்பிவிட்டார்.

1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய சாம்பியாவில் உள்ள சித்தம்போ கிராமத்தில் லிவிங்ஸ்டன் இறந்தார். கட்டிலருகே முழங்காலிட்டபடி இருந்தார். சுசியும் சூமாவும் மற்ற தோழர்களும் அவருடைய இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலைப் பதப்படுத்தி, ஆயிரம் மைலுக்கும் மேல் பல மாதம் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். லண்டனில், சிங்கம் கடித்து முறிந்த இடது கை எலும்பை வைத்துத்தான் அது அவர்தான் என்று மருத்துவர்கள் உறுதி செய்தார்கள்.

1874 ஏப்ரல் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம். பிள்ளைகள் வந்திருந்தார்கள். 78 வயது மாமனார் ராபர்ட் மோஃபட்டும் நின்றிருந்தார். ஆப்பிரிக்காவுக்கு வா என்று அழைத்தவர், மகளையும் கொடுத்தவர், இரண்டு பேரையும் இழந்துவிட்டு நின்றார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது?

லிவிங்ஸ்டனைப் பற்றி இன்றைக்கு இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அடிமை வியாபாரத்தை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய மனிதநேயர் என்று ஒரு பக்கம். அவர் போட்ட பாதையில்தான் ஐரோப்பிய ஆதிக்கம் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்தது என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

மூன்றாவது கணக்கு வீட்டுக் கணக்கு. அதை அவரே போட்டுப் பார்த்திருக்கிறார். கொலொபெங்கில் இருந்தபோது வேலை வேலை என்று களைத்துப்போய், பிள்ளைகளோடு விளையாடாமல் விட்டுவிட்டேனே என்று பிற்காலத்தில் வருந்தி எழுதியிருக்கிறார். மிஷன் வரலாறுகளில் இந்தப் பக்கத்துக்கு இடம் குறைவு. போனவர்களின் பெயர் தெருவுக்கும் ஊருக்கும் வைக்கப்படுகிறது. அனுப்பியவர்களுக்கு எந்தப் பெயர்ப்பலகையும் இல்லை.

அப்பா நீல் கதவைத் தாழ் போட்ட அந்த வரிசை வீடு இன்னும் இருக்கிறது. பிளாண்டயரில் 1929 முதல் அது அருங்காட்சியகம். சிங்கம் தாக்கும் காட்சிச் சிலையை எல்லாரும் படம் எடுப்பார்கள். அந்த 14 அடிக்கு 10 அடி அறையையும் நின்று பார்க்கலாம். 1840 நவம்பரில் ஓர் அம்மா இருட்டில் எழுந்து காபி போட்ட குடும்பத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.